உதவித்தொகை எந்தக் கணக்கில் விழுகிறது?

"பணம் அனுப்பியாச்சு" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். "உங்க கணக்குக்கு வரலையே" என்று வங்கியில் சொல்கிறார்கள். நம் குடும்பங்களில் பலரும் இப்படி அலைந்திருப்போம். பெரும்பாலும் பணம் காணாமல் போவதில்லை. நாம் மறந்துபோன வேறொரு கணக்கில் கிடக்கிறது.

நூறு நாள் வேலைக் கூலி, மாணவர் கல்வி உதவித்தொகை போன்றவை இப்போது ஆதார் எண்ணை வைத்தே அனுப்பப்படுகின்றன. நூறு நாள் வேலைக்கு 2024 ஜனவரி முதல் இந்த முறை கட்டாயமாக்கப்பட்டது. இதில் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண் பார்க்கப்படுவதில்லை. தேசியப் பணப்பட்டுவாடா கழகத்தின் பதிவேட்டில் உங்கள் ஆதாருக்கு நேராக எந்த வங்கி இருக்கிறதோ, அங்கே பணம் போகும். ஒருவருக்கு ஒரு வங்கி மட்டுமே அதில் இருக்கும். கடைசியாக இணைத்ததுதான் நிற்கும்.

வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. அது அடையாளச் சான்று. அரசுப் பணம் பெறுவதற்கான இணைப்புக்குத் தனியாகச் சம்மதம் கொடுக்க வேண்டும்.

புதுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் இதற்கான கட்டத்தில் டிக் செய்தால் பழைய இணைப்பு மாறிவிடும். 2017-இல் செல்போன் எண்ணுக்காக ஆதார் சரிபார்த்த பலருக்கு, அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கப்பட்டு, கேஸ் மானியம் அங்கே போனது. ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

செய்ய வேண்டியவை:

1. ஆதார் ஆணைய இணையதளத்தில் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து, எந்த வங்கி இணைந்துள்ளது என்று பாருங்கள். செல்போன் எண் ஆதாரில் பதிவாகியிருக்க வேண்டும்.

2. வேறு வங்கி இருந்தால், முதலில் அந்தக் கணக்கில் பணம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

3. மாற்ற விரும்பினால், நீங்கள் பயன்படுத்தும் வங்கிக் கிளையில் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சில நாள் கழித்து மீண்டும் சரிபாருங்கள்.

4. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரம் கேட்க: 14448.

"இணைப்பை மாற்றித் தருகிறோம்" என்று போனில் ஓடிபி கேட்பவர் மோசடிக்காரரே. வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.