கண்டிக் கைதியின் குரலும் கணக்கேட்டின் குரலும்

திரையில் ஆள் தோன்றாமல் ஒலிக்கும் பின்னணிக் குரல், காட்சிக்கு உரை கூறும் பணியோடு நின்றுவிட வேண்டியதில்லை. காட்சியோடு மோதி, காட்சி மறைத்த உண்மையை அது வெளிக்கொணரவும் கூடும். இதற்கு நம் நாடே ஒரு சான்று தந்திருக்கிறது. 1934இல் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் இங்கு படம்பிடித்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற விவரணப் படமே அது.

படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை; தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். சிவனொளிபாத மலை யாத்திரை, வயல் வேலை, கண்டி நடனம் ஆகியவை ஒலியின்றியே படமாக்கப்பட்டன. ஒலி முழுவதும் பின்னர் லண்டனில் அமைக்கப்பட்டது. இதனால் காட்சியின் அடிமையாக இராமல், ஒலி தனித்து இயங்க வழி பிறந்தது.

விவரணைக்கு ரைட் புதிய உரை எழுதுவிக்கவில்லை. 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்விராச்சியத்தில் சிறையிருந்து, 1679இல் தப்பியவர் ரொபர்ட் நொக்ஸ். அவர் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்களையே எடுத்தாண்டார். அவற்றைப் படித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட். கண்டியில் கைதியாக இருந்த ஆங்கிலேயனின் சொற்கள், ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்ட நாட்டின் மைந்தன் வாயில் ஒலிக்கின்றன! வரலாறு தலைகீழாகியதை இதைவிடச் சுருக்கமாக உணர்த்த இயலுமா?

‘வணிகத்தின் குரல்கள்’ என்னும் மூன்றாம் பகுதியில் வென்டின் அமைதியான குரல் ஓய்கிறது. சந்தை விலைகளும், வணிகக் கடிதங்களும், கப்பற் செய்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. கண்ணுக்குத் தெரிவது உழைப்பு; காதில் விழுவது இலாபக் கணக்கு. உழைப்பவனுக்கும் அவன் உழைப்பை விலைபேசுபவனுக்கும் இடையிலுள்ள தொலைவை இந்தப் பிளவே காட்டிவிடுகிறது. தேயிலை விளம்பரத்துக்கென எடுத்த படம், தன்னை எடுப்பித்த வணிகத்தையே அம்பலப்படுத்துகிறது.

ஆயினும் ஒரு குரலை நாம் தேடவேண்டியிருக்கிறது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் கண்டிக்கு அண்மையில், லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நாட்டார். அத்தொழிலைத் தோளில் சுமந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். கைதிக்கு விவரணைக் குரல் உண்டு, தரகனுக்கும் உண்டு, தன் வாழ்வைத் தானே எடுத்துரைக்கும் தொழிலாளியின் குரல் மட்டும் அங்கில்லை. அவளுக்குப் பேசத் தெரியாமலா? அதே காலத்தில் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் தோட்டங்களில் உரிமைப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மக்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. திரையில் முகமிருந்தும் குரலற்றிருந்தவர்கள், நாட்டிலும் நெடுங்காலம் அவ்வாறே வைக்கப்பட்டனர்.

ரைட்டின் கலைத்திறனை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அதைக் கற்றுக்கொள்ளவே வேண்டும். ஆனால் ஆசிரிய நண்பர்கள் இத்தகைய படங்களை மாணவர்க்குக் காட்டும்போது, குரல் எவ்வளவு இனிமை என்பதோடு நிறுத்திவிடலாகாது. யார் பேசுகிறார்? யாருக்காகப் பேசுகிறார்? பேச விடப்படாதவர் யார்? இம்மூன்றையும் கேட்கப் பழகிய மாணவன், திரையரங்குக்கு வெளியிலும் அவற்றைக் கேட்பான்.