சின்னத்திரையில் சிறு விமானம்



தலைமையாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், மாலைப்பொழுதில் என் பேரனுடன் அமர்ந்து தொலைக்காட்சியில் துப்பறியும் நாடகங்களைக் காண்பதுண்டு. அவற்றில் சிறு விமானம் ஒன்று வந்துவிட்டால், அதன் கதியை முன்னரே கூறிவிடலாம். எஞ்சின் நிற்கும், விமானம் கல்லைப்போல் விழும். "இது மெய்தானா, தாத்தா?" என்று அவன் ஒருநாள் வினவினான். அவனுக்குக் கூறிய விடையை உங்களுக்கும் கூறுகிறேன்.

விமானத்தை முன்னே செலுத்துவது எஞ்சின். மேலே தாங்குவதோ இறக்கைகளைத் தழுவி ஓடும் காற்று. 1955-இல் முதன்முதலாகப் பறந்த செஸ்னா 172 என்னும் நால்வர் அமரும் விமானம், எஞ்சின் நின்றபின்னும் 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்ல வல்லது. விமானி மனம் கலங்காதிருந்தால், சமநிலம் ஒன்றைத் தேடி இறங்க அவகாசம் உண்டு. ஆகவே, கல்லைப்போல் விழும் காட்சி பெரும்பாலும் கற்பனையே.

ஆயினும், நம்பவொண்ணாததாகத் தோன்றிய ஒரு கதை மெய்யாகவே நிகழ்ந்ததும் உண்டு. 1974-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'கொலம்போ' தொடரில் ஒரு பாடகன் வருகிறான். ஜானி கேஷ் அவ்வேடம் தாங்கினார். உடன் வந்தோரைக் காப்பியில் மருந்து கலந்து உறங்கவைத்துவிட்டு, அவன் பாரசூட் கட்டிக் குதிக்கிறான். விமானம் மலையில் மோதுகிறது. விபத்தில் தப்பியவனாக நடிக்கிறான். மறைத்து வைத்த பாரசூட்டே இறுதியில் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

35 ஆண்டுகள் கழிந்தன. 2009 ஜனவரி 11 அன்று, பண மோசடி விசாரணைக்கு உள்ளான ஒருவர், தம் சிறு விமானத்தில் தனியே புறப்பட்டார். முன்கண்ணாடி நொறுங்கியது, இரத்தம் பெருகுகிறது என்று வானொலியில் அபயக்குரல் எழுப்பினார். பின்னர் அலபாமா மாநிலத்தின்மேல் பாரசூட்டுடன் குதித்தார். ஆளற்ற விமானம் தானியங்கிக் கருவியின் துணையால் சுமார் 300 கிலோமீட்டர் தொடர்ந்து பறந்தது. துணைக்கு விரைந்த போர் விமானிகள், கதவு திறந்து கிடப்பதையும் உள்ளே இருள் சூழ்ந்திருப்பதையும் கண்டனர். அது புளோரிடா மாநிலத்தில் வீடுகளுக்கு அருகே வீழ்ந்தது. எவரும் மாளாதது நற்பேறே. விமானத்துள் இரத்தக்கறை இல்லை. இரண்டு நாட்களில் அவர் பிடிபட்டார். 4 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார்.

நாடகம் எங்கே பிழைத்தது, எங்கே மெய்யுரைத்தது என்பதை இப்போது நீங்களே கூறலாம். வானில் விமானம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதில் நாடகங்கள் பலகால் தவறுகின்றன. ஆனால் வீழ்ந்த விமானத்தின் சிதைவு பேசும். மனிதன் புனைந்த பொய்யை அது மறுத்துரைக்கும் என்பதில் அக்கதை தவறவில்லை. எக்காட்சியைக் கண்டாலும், "இதற்குச் சான்று யாது?" என்று கேட்கப் பழகுங்கள். வரலாறு பயில்வோர்க்கும் அவ்வினாவே முதற் பாடம்.