வியர்க்கும் குழாய்களும் நனையும் வீடுகளும்

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. காடும் ஓடையும் அருவியும் சிறு விலங்கியல் பூங்காவும் கொண்ட இவ்வூர், கோடை வெயிலில் வாடும் வேலூர் மக்களுக்கு நெடுங்காலமாகவே இளைப்பாறும் இடம். ஆனால், வெயிலிலிருந்து தப்பிக்க இன்று எவரும் மலையையும் மரநிழலையும் மட்டும் நம்பியிருப்பதில்லை. சமவெளியிலும் மலைச்சரிவிலும் புதிதாக எழும் வீடுகளில் குளிர்சாதனம் இடம்பெற்றுவிடுகிறது. வசதி படைத்தோர், ஒரே இயந்திரத்திலிருந்து எல்லா அறைகளுக்கும் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் 'டக்ட்' எனப்படும் குழாய் அமைப்பையும் நாடுகின்றனர்.

இக்குழாய்கள் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பதுங்கியிருப்பவை. நம் ஊர்களில் அவை பெரும்பாலும் பொய்க்கூரைக்கு மேலே செல்கின்றன. சரிவான நிலத்தில் தூண்கள் மீது உயர்த்திக் கட்டப்படும் வீடுகளில், தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஆள் தவழ்ந்து செல்லும் உயரமே உள்ள இடைவெளியிலும் அவை பொருத்தப்படுவதுண்டு. மழைக்காலம் தொடங்கியதும் அங்கே நீர் சொட்டத் தொடங்குகிறது. கூரையில் மஞ்சள் கறை படர்கிறது. தரைக்கு அடியில் மரச்சட்டங்கள் ஊறுகின்றன. வீட்டுக்குள் பூசண வாடை வீசுகிறது. வீட்டு உரிமையாளர் கொத்தனாரை அழைத்து மொட்டைமாடியில் நீர்த்தடுப்புப் பூச்சு பூசுகிறார். அடுத்து, தண்ணீர்க் குழாய்களைச் சோதிக்கிறார். பணம் கரைகிறது, ஈரம் மட்டும் நிற்பதில்லை.

நிற்காததற்குக் காரணம், அந்த நீர் கூரையிலிருந்தோ தண்ணீர்க் குழாயிலிருந்தோ கசிவதில்லை என்பதுதான். அது காற்றில் ஆவியாக இருந்த நீர். குளிர்ந்த பாலைக் குவளையில் ஊற்றி வைத்தால் அதன் வெளிப்புறம் வியர்ப்பதைப் போன்றதே இதுவும். காற்று குளிரக் குளிர, அது தாங்கிக்கொள்ளும் நீராவியின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே மிஞ்சும் ஆவி நீராகத் திரள்கிறது. அந்த வெப்பநிலையையே 'பனிநிலை' என்கிறோம். குளிர்ந்த பரப்பில் பனித்துளி எவ்வாறு படிகிறது என்பதை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814-இல் வெளியிட்ட ஆய்வுரையிலேயே விளக்கிவிட்டார்.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. மே மாத நண்பகலில் வெப்பநிலை 40 டிகிரியாகவும் ஈரப்பதம் 25 விழுக்காடாகவும் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 16 டிகிரிதான். மழை பெய்து ஓய்ந்த இரவில் வெப்பநிலை 28 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் பனிநிலை 25 டிகிரிக்கு உயர்ந்துவிடுகிறது. குழாய்க்குள் செல்லும் காற்றோ 12 முதல் 14 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் இருக்கிறது. எனவே, கடும் கோடையில் ஓரளவே வியர்க்கும் குழாய், மழைக்காலத்தில் ஓயாமல் சொட்டுகிறது. மழையும் சொட்டும் ஒரே நேரத்தில் வருவதால் பழி கூரையின் மீது விழுகிறது.

உண்மையை அறிய எளிய சோதனைகள் உள்ளன. இரண்டு நாள்கள் குளிர்சாதனத்தை நிறுத்திவைத்துப் பார்க்கலாம். மழை பெய்தும் சொட்டு நின்றுவிட்டால் அது குழாயின் வியர்வை. நிற்காவிட்டால் கூரையையோ தண்ணீர்க் குழாயையோ சந்தேகிக்கலாம். தரைக்கு அடியிலுள்ள இடைவெளியில், மண்ணின் மீது ஒரு பாலித்தீன் தாளை விரித்து, விளிம்புகளில் கல் வைத்து ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் அடிப்புறம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்தும் ஈரம் ஏறுகிறது என்று பொருள். ஈரப்பதமானியை ஒரு வாரம் அங்கே வைத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். அந்த இடத்துக்குள் இறங்குவதற்கு முன்பு மின் இணைப்பைத் துண்டிப்பதும், பாம்பு, தேள் போன்றவை உண்டா எனப் பார்ப்பதும் கட்டாயம்.

காரணம் தெரிந்தபின் தீர்வுக்கு வருவோம். முதல் வேலை, நீரின் ஊற்றுகளை அடைப்பது. மழைநீர் வீட்டுக்கு அடியில் பாயாதவாறு வெளிப்புற நிலத்தைச் சரிவாக்கி, வாய்க்கால் அமைத்துத் திருப்பிவிட வேண்டும். குளிர்சாதனத்தின் கழிவுநீர்க் குழாய், துணி உலர்த்தியின் காற்றுப்போக்கி, குளியலறை விசிறி ஆகியவை அந்த இடைவெளிக்குள் திறக்கக் கூடாது. அடுத்து, மண்பரப்பு முழுவதையும் தடித்த பாலித்தீன் விரிப்பால் மூட வேண்டும். விரிப்புகள் ஒன்றன்மீது ஒன்று ஓர் அடியாவது படிந்திருக்க, இணைப்புகளை ஒட்டி, சுவரோரங்களில் சற்று மேலேற்றிப் பொருத்துவது நல்லது.

மூன்றாவது, குழாயின் இணைப்புகள். அவற்றின் வழியே கசியும் குளிர்காற்று சுற்றியுள்ள பரப்புகளையும் குளிரவைத்து நனைக்கிறது. திரும்பும் காற்றுக்கான குழாயில் ஓட்டை இருந்தால், அடித்தளத்தின் ஈரக்காற்றும் பூசண வித்துகளும் நேரே அறைக்குள் வந்து சேர்கின்றன. சாதாரணத் துணி நாடா நாளடைவில் கழன்றுவிடும். இதற்கென உள்ள பசைப்பூச்சும் அலுமினிய ஒட்டுநாடாவுமே நிலைக்கும்.

நான்காவது, 'இன்சுலேஷன்' எனப்படும் வெப்பக்காப்பு உறை. சிக்கனம் கருதி மெல்லிய உறையைச் சுற்றுவதுதான் பெரும்பாலான சிக்கல்களின் தொடக்கம். சுற்றுப்புறம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு எனில் பனிநிலை சுமார் 26 டிகிரி. 13 மி.மீ. நைட்ரைல் ரப்பர் உறையின் வெளிப்பரப்பு அதைவிடச் சற்றுக் குளிர்ந்துவிடுவதால் உறையே வியர்க்கும், 25 மி.மீ. உறை அந்த நிலையைத் தாங்கும். ஆனால், ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டினால் 25 மி.மீ. உறையும் தோற்றுப்போகும். ஆகவே, உறையைத் தடிப்பாக்குவது மட்டும் போதாது; சுற்றியுள்ள இடத்தையும் உலர்வாக வைத்திருக்க வேண்டும்.

கண்ணாடி இழைப் பஞ்சு உறை என்றால் அதன் வெளிப்புற அலுமினியத் தாள் எங்கும் கிழியாமல் இருக்க வேண்டும். ஒரு சிறு கிழிசல் வழியே ஈரக்காற்று உட்புகுந்து பஞ்சு முழுவதையும் ஊறவைத்துவிடும். ஊறிய பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது. அதன்மேல் புதிய உறை சுற்றுவது ஈரத்தைச் சிறைவைப்பதற்கு ஒப்பாகும். நனைந்ததை அகற்றி, குழாயைத் துடைத்து உலர்த்திய பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் உறையை நசுக்கும் இடங்களிலேயே முதல் சொட்டு தோன்றுகிறது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

"காற்றோட்டம் இருந்தால் ஈரம் காய்ந்துவிடும்" என்பது நம் பழகிய நம்பிக்கை. வெளிக்காற்று உலர்வாக இருக்கும்வரை அது உண்மை. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வீடுகளுக்கு அடியில் தவழ்வெளி விடுவது பரவலான வழக்கம். அதில் காற்றுத் துளைகள் வைப்பதையே விதிகளும் நெடுங்காலம் வலியுறுத்தின. ஆனால், கோடையின் ஈரக்காற்று அத்துளைகள் வழியே புகுந்து, குளிர்ந்த குழாய்களில் நீராகப் படிந்தது. வட கரோலினாவின் பிரின்ஸ்வில் நகரில் 12 வீடுகளில் நடத்தப்பட்ட ஆய்வில், மண்ணை விரிப்பால் மூடி, துளைகளை அடைத்த தவழ்வெளிகள் திறந்தவற்றைவிட உலர்வாக இருந்ததும், மின்செலவு குறைந்ததும் தெரியவந்தன. நமது மழைக்காலத்துக்கும் இப்பாடம் பொருந்தும். ஆனால், மண்ணை மூடாமலும் தேங்கிய நீரை அகற்றாமலும் துளைகளை மட்டும் அடைப்பது கேட்டையே தரும். எரிவாயு உருளையோ அடுப்போ உள்ள இடத்தையும் அடைக்கக் கூடாது. கரையானைக் கண்காணிக்கச் சுவரோரத்தில் சிறிது பகுதியை மூடாமல் விடுவதும் அவசியம். அடைத்த பின்னும் ஈரம் குறையாவிட்டால், ஈரமுறிஞ்சும் கருவியைப் பொருத்தலாம்.

இதே ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் விட்டம் கொண்டது. ஈரப்பதம் மிகுந்த இரவுகளில் குவிமாடத்தை மூடிவிடுவது வானாய்வகங்களின் பொதுவான நடைமுறை. கண்ணாடியில் படிந்த பனியைத் துடைப்பதைவிட, ஈரக்காற்று அதனைத் தொடாமல் காப்பதே அறிவுடைமை. வீட்டுக் குழாய்க்கும் இதுவே விதி.

குளிர்சாதனம் பிறந்ததே ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரத்தால் காகிதம் சுருங்கி விரிவதைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் அதனை வடிவமைத்தார். ஈரத்தை அடக்க வந்த இயந்திரமே இன்று வீட்டை நனைக்கிறது என்றால், பிழை இயந்திரத்தில் இல்லை. பொருத்தும் முறையில் இருக்கிறது.

இப்பிழையின் விலை சிறிதன்று. குழாயின் வெளிப்புறத்தில் ஒரு லிட்டர் நீர் திரளும்போதெல்லாம் ஏறத்தாழ 0.68 கிலோவாட் மணி அளவுக்கான குளிர்ச்சி வீணாகிறது. அதைவிடப் பெரியது உடல்நலம். ஈரமும் பூசணமும் நிறைந்த வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமா உள்ளிட்ட சுவாச நோய்கள் மிகுதி என்பதை உலக சுகாதார அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சுட்டிக்காட்டுகின்றன. வீட்டில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளும் முதியோருமே இதன் சுமையைத் தாங்குகின்றனர்.

2020 ஜனவரி முதல் அறைக் குளிர்சாதனங்களில் 24 டிகிரி இயல்பு அளவாக அமைக்கப்பட வேண்டும் என விதி வகுத்த நாடு இது. இயந்திரத்துக்குக் காட்டும் அக்கறையைப் பொருத்தும் பணிக்கும் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது. உறையின் தடிமன், இணைப்புகளின் அடைப்பு, கழிவுநீர் வடியும் வழி ஆகிய மூன்றையும் வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்; பொய்க்கூரையை மூடுமுன் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்சாதனப் பணி பயிலும் இளைஞர்களுக்குப் பனிநிலைக் கணக்கைக் களத்தில் வைத்தே கற்பிக்க வேண்டும். அடுத்த மழையில் கூரை சொட்டினால், கொத்தனாரை அழைக்குமுன் குளிர்சாதனத்தை இரண்டு நாள்கள் நிறுத்திப் பார்ப்போம்.