இயந்திரம் வந்த நாளில் கற்றவர்கள்

'கம்ப்யூட்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது ஒரு பொறி. ஆனால் எண்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு பெண்மணியிடம், "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால், "நான் ஒரு கம்ப்யூட்டர்" என்று பதில் வந்திருக்கக்கூடும். கணக்கிடும் பணியாளருக்கு அன்று அதுவே பதவிப் பெயர். பின்னர் அந்தப் பெயரையும் அந்த வேலையையும் பொறி எடுத்துக்கொண்டது. பெயரைப் பறிகொடுத்த மனிதர்கள் என்ன ஆனார்கள்? செயற்கை நுண்ணறிவு அலுவலகங்களுக்குள் நுழைந்து, "இனி நம் வேலை என்ன ஆகும்?" என்று பலரும் கேட்கும் இந்நாளில் அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

விர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகரில் உள்ள லாங்லி விமான ஆய்வுக்கூடம், 1935-இல் ஐந்து பெண்களைக் கணக்கிடும் பணியில் அமர்த்தியது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஆள் போதவில்லை. 1943-இல் கறுப்பினப் பெண்கள் மட்டும் பணிபுரியும் 'மேற்குப் பகுதிக் கணக்கீட்டுப் பிரிவு' அமைந்தது. அவர்களுக்கு வேலை செய்யத் தனி அறை; சாப்பிடத் தனி மேசை. அந்த மேசைமீது வைத்திருந்த 'கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்' என்ற அட்டையை மிரியம் மான் என்ற பெண்மணி எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறுபடி வைத்தார்கள்; மறுபடி எடுத்தார். கடைசியில் வைப்பவர்கள்தாம் ஓய்ந்தார்கள்!

அதே 1943 டிசம்பரில் அங்கு வந்து சேர்ந்தவர் டாரதி வான். பள்ளியில் கணிதம் கற்பித்துவந்தவர். 1949-இல் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பின மேற்பார்வையாளர் அவரே. வேறு பிரிவுகளைச் சேர்ந்த கணக்கீட்டுப் பெண்களோடு கூடி, மேசைக் கணக்கிடும் பொறிகளைக் கையாளும் கணித முறைகளுக்கு ஒரு கையேடு தொகுக்கும் பணியிலும் அவர் பங்கேற்றார். தம் பிரிவைச் சேராத பெண்களுக்கும் பதவி உயர்வு கேட்டுப் பரிந்து பேசினார்.

அந்தப் பெண்கள் செய்த வேலைதான் என்ன? விமான இறக்கையின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்துவார்கள். இறக்கையின் பரப்பெங்கும் ஊசித் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய் அழுத்தமானிக்குச் செல்லும். குழாய்களில் திரவம் ஏறி நிற்கும் உயரங்களைப் படம் பிடிப்பார்கள். படத்திலிருந்து ஒவ்வோர் உயரத்தையும் படித்து, அழுத்தமாக மாற்றி, வீசும் காற்றின் நிலையழுத்தத்தைக் கழித்து, அதன் இயக்க அழுத்தத்தால் வகுத்து, வரைபடமாக வரைய வேண்டும். இதற்கென்று அகன்ற தாள்கள் இருந்தன. முதல் பத்தியில் அளவீடு. இரண்டாம் பத்தியில் அதை ஒரு மாறிலியால் பெருக்கியது. மூன்றாம் பத்தியில் கழித்தது... இப்படிப் பத்தி பத்தியாகக் கணக்கு நகரும்.

இந்தத் தாளை மீண்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஒரு பெரிய சமன்பாட்டைச் சிறு சிறு செயல்களாக உடைத்து, எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தி எழுதுவதற்கு இன்று நாம் என்ன பெயர் சொல்கிறோம்? நிரல்! மின்னணுப் பொறி வருவதற்கு முன்பே நிரலின் சாரம் அந்தப் பெண்களுக்குக் கைவந்திருந்தது.

1950-களில் ஐ.பி.எம். கணிப்பொறிகள் லாங்லிக்கு வந்தன. 1957-இல் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை வெளியிட்டனர். சமன்பாட்டைக் கிட்டத்தட்ட அதன் வடிவிலேயே எழுதி, அட்டையில் துளையிட்டுப் பொறிக்குள் செலுத்தலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது டாரதிக்குப் புரிந்துவிட்டது. ஃபோர்ட்ரானைத் தாமும் கற்றார். தம்முடன் பணிபுரிந்த பெண்களுக்கும் கற்பித்தார்.

தனித்தனியாகக் கற்பதைவிடக் கூடிக் கற்பது மேல் என்பதை அப்போது பெரிய நிறுவனங்களும் கண்டுகொண்டிருந்தன. 1955-இல் கலிபோர்னியாவில் ஐ.பி.எம். 704 பொறியை வாங்கவிருந்த நிறுவனங்கள் ஒன்றுகூடி 'ஷேர்' என்ற சங்கத்தை அமைத்தன. பகிர்தல் என்பது அச்சொல்லின் பொருள். அவற்றுள் பல, சந்தையில் ஒன்றையொன்று முந்தத் துடித்த விமான நிறுவனங்கள்! ஆயினும் ஒரே துணை நிரலை ஒவ்வொருவரும் தனியே எழுதிச் சலிப்பானேன் என்று, எழுதியதைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டன. அச்சங்கம் இன்றும் இருக்கிறது.

பொறி வந்தபின் மனிதக் கணக்குக்கு மதிப்புப் போய்விட்டதா? 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவந்தார். அவரது பாதையைப் பொறி கணித்திருந்தது. கிளென்னுக்கு அது போதவில்லை. டாரதியின் பிரிவில் 1953-இல் சேர்ந்த கேத்தரின் ஜான்சன் அதே எண்களைக் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார். ஜான்சன் மேசைப் பொறியோடு உட்கார்ந்து சரிபார்த்துத் தந்தார். (என் ஆய்வக வகுப்பில் கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டினால் பத்தையும் பயபக்தியோடு எழுதிவைக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்வேன். அளவுகோல் மில்லிமீட்டர்தான் காட்டுகிறது. விடை மட்டும் எப்படி அணுவின் அளவுக்கு இறங்கியது என்று கேட்பேன்.) ஜான்சனால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், விசையை அழுத்தும் பழக்கமன்று, அந்தச் சமன்பாடுகள் எங்கிருந்து வந்தன என்பது அவருக்குத் தெரியும்.

இந்தக் கதை முழுவதும் இனிப்பானதன்று. 1958-இல் நிறுவனம் நாசாவாக மாறியபோது, இனம் பிரித்த அலுவலகங்கள் ஒழிக்கப்பட்டன. மேற்குப் பிரிவும் கலைந்தது. கலைய வேண்டியதுதான், ஆனால் அதோடு டாரதியின் தலைமைப் பதவியும் போயிற்று. அவரும் பிரிவில் இருந்த பலரும், ஆண்களும் பெண்களும் எல்லா இனத்தவரும் கலந்து பணிபுரிந்த புதிய கணக்கீட்டுத் துறையில் சேர்ந்தார்கள். அங்கு அவர் தேர்ந்த நிரலாளராக விளங்கினார். ஸ்கவுட் ராக்கெட் திட்டத்திலும் பங்காற்றினார். மீண்டும் ஒரு மேற்பார்வைப் பதவிக்கு முயன்றார். கிடைக்கவில்லை. பிறரைப் புதிய பொறிக்குப் பழக்கியவர் 1971-இல் நிரலாளராகவே ஓய்வு பெற்றார்.

2008-இல், தம் 98-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் வரலாற்றை உலகமெங்கும் கொண்டுசென்ற 'ஹிடன் ஃபிகர்ஸ்' நூலும் திரைப்படமும் வெளிவந்தது 2016-இல்.