பிரித்துக் கொடுத்தால் போதுமா?

மேசைக் கணினியில் பழுதான நினைவகத்தைக் கழற்றிவிட்டு, வேறொரு நிறுவனத்தின் நினைவகத்தைப் பொருத்தினாலும் கணினி இயங்குகிறது. எந்தப் பாகம் எதனுடன் எப்படிப் பொருந்த வேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். மாடுலர் எனப்படும் இந்தக் கூறுமுறை வடிவமைப்பால், புதிய பொருளை உருவாக்கும் பணியைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள முடிகிறது. 1981-இல் ஐபிஎம் நிறுவனம், இன்டெல்லின் நுண்செயலியையும் மைக்ரோசாஃப்டின் இயங்குதளத்தையும் கொண்டு, ஏறத்தாழ ஓராண்டு உழைப்பில் தனது தனிநபர் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஆனால், எல்லாப் பொருள்களையும் இவ்வாறு பிரித்துவிட முடியாது என்பதற்கு போயிங் 787 ட்ரீம்லைனர் விமானமே சான்று.

2004-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், பணியின் ஏறத்தாழ 70 விழுக்காடு வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இறக்கைகளை ஜப்பானின் மிட்சுபிஷியும், அவற்றைத் தாங்கும் நடுப்பெட்டியை ஃபுஜியும், உடற்பகுதியின் பாகங்களை இத்தாலியின் அலேனியா, அமெரிக்காவின் வாட் உள்ளிட்ட நிறுவனங்களும் தயாரித்தன. உற்பத்தி மட்டுமல்ல, விரிவான வடிவமைப்பும், துணை வழங்குநர்களைத் தேர்வு செய்வதும் அந்நிறுவனங்களின் பொறுப்பாயின. முதலீடும் இடரும் பகிரப்படும், காலமும் செலவும் குறையும் என்பது போயிங்கின் கணக்கு.

நடந்தது வேறு. 2007 ஜூலை 8-இல் கோலாகலமாக அறிமுகப்படுத்தப்பட்ட முதல் விமானம், தற்காலிக ஆணிகளால் இணைக்கப்பட்ட வெறும் கூடாகவே இருந்தது. பல பகுதிகள் முழுமை பெறாமலேயே இறுதி ஒருங்கிணைப்பு ஆலைக்கு வந்து சேர்ந்தன. 2009-இல் இறக்கையும் உடற்பகுதியும் சேருமிடத்தை வலுப்படுத்த வேண்டியிருப்பது சோதனையில் தெரிந்து, முதல் பயணம் மீண்டும் தள்ளிப்போனது. 2008-இல் ஒப்படைக்கப்பட வேண்டிய விமானம், 2011 செப்டம்பரில்தான் ஆல் நிப்பான் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இடையே, வாட் நிறுவனத்தின் தென் கரோலினா ஆலையை போயிங்கே விலைக்கு வாங்க நேரிட்டது.

இதை வழங்குநர்களின் திறமைக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. கணினியின் பாகங்கள் சேரும் விதம் அறியப்பட்டது. அதனால் விலையும் தரமும் பேசி வாங்கினால் போதும். கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் உருவான புதுவகை விமானத்திலோ, பாகங்கள் சேருமிடத்தில் என்ன நேரும் என்பதே கண்டறியப்பட வேண்டியதாக இருந்தது. அத்தகைய நிலையில் ஒப்பந்தத் தாள் மட்டும் போதாது. இரு தரப்புப் பொறியாளர்களும் தொடக்கம் முதலே சேர்ந்து பணியாற்ற வேண்டும். குறையை மறைக்காமல் உடனே சொல்லும் நம்பிக்கையும் வேண்டும்.

போயிங் பொறியாளர் ஜான் ஹார்ட்-ஸ்மித், வெளிப்பணி அளவுக்கு மீறினால் லாபம் வழங்குநர்களிடம் போய்ச் சேரும், செலவு மட்டும் தலைமை நிறுவனத்திடம் தங்கும் என்று 2001-லேயே எச்சரித்தார். அது உரிய கவனத்தைப் பெறவில்லை.

புதிய பொருள்களை உருவாக்க முனையும் எந்த நிறுவனத்துக்கும் இதில் பாடம் உண்டு. பாகங்களைச் செய்யும் பணியைப் பிறரிடம் கொடுக்கலாம். அவை ஒன்றுசேரும் விதத்தைப் புரிந்துகொள்ளும் பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது. அந்த அறிவைக் கைவிட்டால், மிச்சப்படுத்திய செலவு பன்மடங்காகத் திரும்பி வரும்.