கறுப்பு ஸ்டிக்கருக்கு அடியில் மஞ்சள்

எங்க அபார்ட்மெண்ட் ஹால்ல சோபா கிடையாது, டைனிங் டேபிள் கிடையாது. ஆனா ஆளுயரத்துக்கு ஒரு ஆர்கேட் பொட்டி நிக்குது :-) காசு போட்டு நின்னுக்கிட்டே ஆடற வீடியோ கேம் மெஷின். ரூம்மேட்ஸ் மூணு பேரும் சேர்ந்து ஒரு கராஜ் சேல்ல 80 டாலருக்கு வாங்கினது.

உள்ள கேம் போர்டு இல்ல, யாரோ கழட்டி வித்துட்டாங்க. பழைய டிவி மாதிரி குழாய் மானிட்டர் மட்டும் இருந்துச்சு. எங்க திட்டம் சிம்பிள். மூலையில தூங்கற பழைய டெஸ்க்டாப்பை உள்ள வச்சு, மேம்னு ஒரு எமுலேட்டரைப் போட்டு, பழைய ஆர்கேட் கேம்களை இதுலயே ஆடறது.

பிரச்சினை எங்க ஆரம்பிச்சதுன்னா, பக்கவாட்டுல இருந்த கறுப்பு ஸ்டிக்கரை ஹேர் டிரையரால சூடு பண்ணி உரிச்சப்போ. அடியில பளீர்னு மஞ்சள். இன்னும் கொஞ்சம் உரிச்சா, கால் முளைச்ச பேக்-மேன் படம் பாதி! 1980ல ஜப்பான்ல நாம்கோ கொண்டுவந்த பேக்-மேனை அமெரிக்காவுல மிட்வே கம்பெனி தயாரிச்சு வித்துச்சு. அந்த மஞ்சள் பொட்டி இது.

அவ்ளோதான், வீடு ரெண்டாச்சு. "மச்சி, இது ஒரிஜினல்டா. இதுக்குள்ள கம்ப்யூட்டரைச் சொருகினா பாவம்டா. போர்டு தேடி வாங்கி பழையபடி ஆக்கணும்"னான் ஒருத்தன். "போடா, வெறும் மரப்பொட்டிக்கு என்னடா ஒரிஜினல்"னான் இன்னொருத்தன். தீர்ப்பு சொல்ல வேண்டிய மூணாவது ஆள் நான். தீசிஸ் எழுத வேண்டிய வாரத்துல உட்கார்ந்து ஆர்கேட் வரலாறு படிச்சேன். (என் அட்வைசருக்குத் தமிழ் தெரியாதுங்கற தைரியத்துல சொல்றேன்.)

படிச்சதுல முதல் ஆச்சரியம், பொட்டியை மாத்தறது கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்த பழக்கமே இல்ல.

1980ல நின்டெண்டோ, ரேடார் ஸ்கோப்னு ஒரு கேம் விட்டுச்சு. அமெரிக்கக் கிளை அதை நம்பி 3000 பொட்டி வரவழைச்சது. வந்து சேர்றதுக்குள்ள மவுசு போயிடுச்சு. ஆயிரம்தான் வித்துச்சு, ரெண்டாயிரம் கிடங்குல தூங்குச்சு. அந்தப் பொட்டியிலயே ஓடற மாதிரி வேற கேம் பண்ணுங்கற வேலை, ஷிகெரு மியாமோட்டோன்னு ஒரு இளைஞர்கிட்ட போச்சு. 1981ல அவர் கொடுத்ததுதான் டாங்கி காங். அமெரிக்கக் கிளைத் தலைவர் மினோரு அரகாவாவும் அவர் மனைவியும் இன்னும் சில பேரும் கிடங்குலயே உட்கார்ந்து பொட்டிகளை மாத்தினாங்க. ரேடார் ஸ்கோப் பொட்டி சிவப்பு, அதனால முதல்ல வந்த டாங்கி காங்கும் சிவப்பு. பின்னாடி புதுசா செஞ்சதுதான் நீலம். இன்னிக்கு சேகரிக்கறவங்க அந்தச் சிவப்புக்குத்தான் அலையறாங்க. ஒரிஜினல்னு கொண்டாடற பொருளே மாத்தின பொட்டி!

ரெண்டாவது கதை நம்மள மாதிரி ஸ்டூடண்ட்ஸ் கதை. எம்.ஐ.டி.யில படிச்ச டக் மெக்ரே, கெவின் கர்ரன்னு ரெண்டு பேர் காலேஜ்ல ஆர்கேட் மெஷின் வச்சு காசு பார்த்துட்டு இருந்தாங்க. மிசைல் கமாண்ட் பசங்களுக்கு அலுத்துப் போய் வசூல் குறைஞ்சது. புது மெஷின் வாங்காம, பழைய போர்டுமேல மாட்டற ஒரு கூடுதல் போர்டு பண்ணி 1981ல விக்க ஆரம்பிச்சாங்க. அட்டாரி சும்மா விடுமா? 15 மில்லியன் டாலர் கேட்டு கேஸ் போட்டுச்சு. கடைசியில கேஸை வாபஸ் வாங்கி, எங்களுக்கே கேம் பண்ணிக் கொடுங்கன்னு ஒப்பந்தம் போட்டுச்சு! கையில பாதியில இருந்த பேக்-மேன் கூடுதல் போர்டை அவங்க மிட்வேகிட்ட கொண்டுபோய்க் காட்ட, அதுதான் 1982ல மிஸ் பேக்-மேனா வந்துச்சு. அந்தப் பொட்டியைத் திறந்து பார்த்தா உள்ள இருக்கறது பேக்-மேன் போர்டு, அதுமேல இன்னொரு குட்டி போர்டு.

1983 வாக்குல அமெரிக்காவுல ஆர்கேட் மோகம் சரிஞ்சது. கடைக்காரங்களுக்கு முழுசா புதுப் பொட்டி வாங்கக் கட்டுபடியாகல. போர்டு, மேல மாட்டற பெயர்ப்பலகை, ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்த கிட் வாங்கி பழசையே மாத்திக்கிட்டாங்க. ஒவ்வொரு கேமுக்கும் வயரிங் வேற வேற, அதுதான் தலைவலி. 1985ல ஜப்பான் தயாரிப்பாளர் சங்கம் ஜாம்மான்னு 56 பின் கனெக்டர் ஒண்ணைப் பொதுவாக்கிச்சு. அப்புறம் போர்டை உருவி வேற போர்டு சொருகினா முடிஞ்சது. 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தப்போ ஆளுக்கு ஆறு பட்டன் வேணும்னு ஆச்சு. எங்க பொட்டியிலயும் யாரோ ட்ரில் போட்டு பன்னெண்டு ஓட்டை போட்டிருக்காங்க. நெட்டுக்குத்தா இருந்த மானிட்டரைப் படுக்க வச்சிருக்காங்க. பழைய போல்ட் தடம் இன்னும் இருக்கு.

இங்கதான் எனக்கு உறைச்சது. பொட்டி பிழைச்சது, கேம்தான் செத்தது. அப்படிக் கழட்டின போர்டுகள்ல எத்தனையோ நேரா குப்பைக்குத்தான் போச்சு.

அதைத் தலைகீழா மாத்தினது ஒரு இத்தாலிக்காரர், நிக்கோலா சால்மோரியா. பேக்-மேன் வகை போர்டுகளைக் கம்ப்யூட்டர்ல அப்படியே நடிக்க வைக்க 1996 டிசம்பர்ல ஒரு புரோகிராம் எழுத ஆரம்பிச்சார். அது வளர்ந்து 1997 பிப்ரவரி 5 அன்னிக்கு மேம்ங்கற பேர்ல வெளியாச்சு. சிப்புல இருக்கறதை அப்படியே காப்பி எடுத்து, பிராசசர்லேர்ந்து ஒவ்வொண்ணையும் சாஃப்ட்வேரால நகல் பண்றதுதான் வேலை. பேக்-மேன் புரோகிராம் மொத்தமே 16 கிலோபைட்! இந்தப் பதிவை விட சின்னது.

இது எவ்ளோ அவசரமான வேலைன்னா, 1993ல வந்த கேப்காம் சிபிஎஸ்-2 போர்டுல புரோகிராம் பூட்டி இருக்கும். சாவி இருக்கறது ஒரு பேட்டரியை நம்பின மெமரியில. பேட்டரி தீர்ந்தா கேம் காலி. 2007ல ஆண்ட்ரியாஸ் நைவ்ங்கற புனைபெயர்க்காரரும் சால்மோரியாவும் அந்தப் பூட்டோட சூத்திரத்தையே முழுசா கண்டுபிடிச்சாங்க.

கூத்து என்னன்னா, கேமைக் காப்பாத்த வந்த மேமை ஓட்டறதுக்காகவே நிறைய பேர் ஓடிக்கிட்டிருந்த பொட்டிகளைக் குடைஞ்சு, நல்ல மானிட்டரைத் தூக்கிப் போட்டாங்க. இந்த முறை கேம் பிழைச்சது, பொட்டி செத்தது. அதுல எனக்கு உடன்பாடு இல்ல.

ஆக என் தீர்ப்பு: கம்ப்யூட்டர் வைக்கலாம். ஆனா ரம்பம் படக்கூடாது, புது ஓட்டை கூடாது, மானிட்டர் இருக்கணும், எல்லாத்தையும் ஸ்க்ரூடிரைவராலயே கழட்ட முடியணும். நாளைக்கே போர்டு கிடைச்சா திரும்ப மாட்டிக்கலாம்.

மானிட்டரை வச்சுக்கறதுதான் பெரும்பாடு. சாதாரண கம்ப்யூட்டர் சிக்னல் வினாடிக்கு 31,000 வரி கிட்ட அனுப்பும், ஆர்கேட் மானிட்டருக்குத் தெரிஞ்சது சுமார் 15,700. தப்பான சிக்னலால பழைய மானிட்டர் கெட்டே போகலாம். அதுக்குன்னே இருக்கற வீடியோ கார்டு வாங்கினோம், பொட்டி விலையை விட அதிகம். மானிட்டரைத் திரும்ப நெட்டுக்குத்தா திருப்பினதும் மூலையில பச்சைக் கறை. பயந்துட்டோம். பூமியோட காந்தத்தால வர்றதுதான், டீகாஸ் பண்ணதும் போயிடுச்சு.

ஜாய்ஸ்டிக்கையும் மாத்தினோம். பேக்-மேனுக்கு நாலு திசை ஸ்டிக்தான் வேணும், எட்டு திசை ஸ்டிக்ல திருப்பம் எல்லாம் சொதப்பும். பன்னெண்டு ஓட்டை பேனலை அலமாரியில வச்சுட்டு பிளைவுட்ல புதுசு பண்ணினோம். இப்பவரைக்கும் ஹை ஸ்கோர், "பாவம்டா"ன்னு சொன்னவனோடதுதான்.

இடது பக்கம் மஞ்சளா விட்டாச்சு. வலது பக்கக் கறுப்பு ஸ்டிக்கரை உரிக்கல. அதுவும் முப்பது வருஷமா ஒட்டியிருக்கறதுதானே.

டிஸ்கி: குழாய் மானிட்டர் பிளக்கைப் புடுங்கினப்புறமும் ஷாக் அடிக்கும். தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லாம பின்பக்கத்தைத் திறக்காதீங்க மக்கா.