தில்லி ரிசர்வேஷனும் மூன்று ஓட்டும்

தில்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை பரீட்சை முடிந்த அன்று ஆரம்பிக்காது. அப்பா ஜி.டி. எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு வீட்டுக்குள் நுழையும் அன்றுதான் ஆரம்பிக்கும். எழுபதுகளின் கடைசியில் ஆர்.கே.புரத்திலிருந்து என் அப்பா விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுவார். அதற்கும் முன்னால் யாராவது வரிசையில் துண்டு போட்டிருப்பார்கள்.

அப்போது ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு ரிஜிஸ்டர். அது எந்தக் கவுண்டரில் இருக்கிறதோ, அங்கேதான் நிற்கவேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தாத்தா தவறியபோது அப்பா திரும்பி வர டிக்கெட் இல்லாமலே ஊருக்குக் கிளம்பினார். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, வரும் வழியெல்லாம் ரயிலில் உட்காரக்கூட இடமில்லை.

இத்தனை கஷ்டத்திலும் அந்த ரிஜிஸ்டரில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒரே புத்தகம், ஒரே பேனா. ஒரு பெர்த்தை ஒரே நேரத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் எழுத முடியாது. இன்று டேட்டாபேஸ் வேலை செய்கிற நாங்கள் 'லாக்' என்று சொல்வது இதைத்தான். அந்தப் பூட்டுக்கு நாம் கொடுத்த விலை, நீண்ட வரிசை.

1985-ல் தில்லியில் சி.எம்.சி. நிறுவனம் எழுதிய 'இம்ப்ரெஸ்' வந்தது. வாக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடியது. எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட்! ஆனால் எல்லா ரிஜிஸ்டரையும் ஒரே கம்ப்யூட்டருக்குள் வைத்தால், அது படுத்துக்கொண்டால் எல்லாக் கவுண்டரும் படுத்துவிடும். இதற்கு மருந்துதான் கிளஸ்டர். வாக்ஸ் தயாரித்த டிஜிட்டல் நிறுவனம் 1983-லேயே இதைக் கொண்டுவந்திருந்தது. பல கம்ப்யூட்டர்கள், பொதுவான டிஸ்க்குகள், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கம்ப்யூட்டர். ஒன்று விழுந்தால் மற்றவை வேலையைத் தொடரும். நம் ரயில்வே ரிசர்வேஷன் பல வருடங்கள் ஓடியது இந்த வகைக் கிளஸ்டர்களில்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் இருக்கும் கேபிள் மட்டும் அறுந்தால்? 'அவன் செத்துவிட்டான், இனி நான்தான்' என்று இரண்டுமே நினைக்கும். ஒரே பெர்த்தை இரண்டும் விற்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓட்டு உண்டு. மூன்று ஓட்டு இருந்தால், இரண்டு சேர்ந்தால்தான் வேலை நடக்கும். தனியாக மாட்டிக்கொண்டது அப்படியே நின்றுவிடும். இரண்டே கம்ப்யூட்டர் இருந்தால் மூன்றாவது ஓட்டை ஒரு டிஸ்க்குக்குக் கொடுப்பார்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இரண்டு சர்வர் கிளஸ்டர். ஒன்று விழுந்தால் மற்றது நின்றுவிடுகிறதே என்ற எரிச்சலில், ஒரு ஓட்டே போதும் என்று செட்டிங்கை மாற்றினேன். ஒரு ராத்திரி கேபிள் போனது. இரண்டும் ஒரே டிஸ்க்கில் எழுதித் தள்ளின. பேக்கப்பிலிருந்து மீட்க மூன்று நாள் ஆயிற்று. நின்றிருந்தால் ஒரு மணி நேரம்தான் போயிருக்கும்.

1986-ல் தில்லியில் தொடங்கிய ரயில்வேயின் 'கிரிஸ்' அமைப்பு, அடுத்து 'கான்சர்ட்' என்ற மென்பொருளை எழுதியது. 1994-ல் செகந்திராபாத்தில் முதலில் ஓடியது. 1999-ல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஐந்தும் இணைந்தன. ஒவ்வொரு மையமும் தன் ரயில்களின் கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வேறு ஊரில் கேட்டால் கேள்வி மட்டும் அங்கே போய் பதிலோடு திரும்பும். 2002 ஆகஸ்டில் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. அப்பா நம்பவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் சார்ட்டில் பெயரைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

வரிசை போய்விட்டது, பூட்டு போகவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் சாதனை வேகம் இல்லை, அதுதான். என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான்: சந்தேகம் வந்தால் சர்வர் நிற்கட்டும், தப்பாக மட்டும் எழுதக்கூடாது.

ரிஜிஸ்டர் காலத்து வரிசையில் நின்றவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்களே, கேட்டுப் பார்த்து எழுதுங்களேன்.